தலைவரின் வலது கால்

என் மகள் வர்ஷினி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன தீபாவளிக்கு மன்றத்தின் கலைநிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது, திருமுல்கேரி சிக்னலில் ஸ்கூட்டர் நின்றதும், பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள்.

"பப்பா, ஆர் யூ ரியலி ப்ளேயிங், ஆர் ஜஸ்ட் ஆக்டிங்?"

நிஜமாகவே வாசிக்கிறாயா, இல்லை சும்மா நடிக்கிறாயா என்கிறாள். கிண்டல் இல்லை, குழந்தை உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்வரை சிக்னல் பச்சையானது எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக மேடையில் நின்று கிடார் வாசிக்கிறேன். பெற்ற பெண் அதில் ஒரு சுரம்கூடக் கேட்டதில்லை. அவள் மட்டுமென்ன, யாருமே கேட்டதில்லை.

என் பெயர் ஃபெலிக்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடி. பிழைப்பு ஐ.டி. கம்பெனியில், குடியிருப்பு செகந்திராபாத் சைனிக்புரியில் ஒரு மாடி வீட்டில். பொழுதுபோக்கு, மாரெட்பள்ளி முத்தமிழ் மன்றத்தின் மெல்லிசைக் குழுவில் கிடார். மன்றத்துக்கு முப்பத்தெட்டு வயது. இங்கே வளரும் நம் பிள்ளைகளைத் தமிழ் பேச வைப்பதே அதன் முதல் நோக்கம் என்று விதிமுறைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு விழாவிலும் தலைவர் இதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவார். பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, 'போர் கொடுதுந்தி' என்று தெலுங்கில் அலுத்துக்கொள்வார்கள். வர்ஷினியும் அந்த வரிசைதான். தமிழில் எது சொன்னாலும் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும், கோபம் வந்தால் இந்தியில் வரும்.

தலைவர் சாரங்கபாணி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்து இறங்கியவர். தலைவரின் தமிழில் பாதி இந்த ஊர் உருது. ஆனால் நாம் வாய்தவறி 'தேங்க்ஸ்' என்றால் நிறுத்தி, 'நன்றி' என்று திருத்துவார். அவருக்கு எந்த வாத்தியமும் தெரியாது. பாட்டு ஆரம்பித்தால் வலது கால் மட்டும் தானாக ஆடத் தொடங்கும். குதிகால், முன்கால், குதிகால், முன்கால் என்று தையல்காரர் மெஷினை மிதிப்பது போல. மேடை நடுவில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. தபலாக்காரர் பாடகரைப் பார்க்க மாட்டார், அந்தக் காலைத்தான் பார்ப்பார். கால் மெதுவானால் பாட்டும் மெதுவாகும்.

வர்ஷினி கேட்ட மறுநாள், மன்றத்துக்கு ஒலிபெருக்கி வைக்கும் இர்பானைப் போய்ப் பார்த்தேன். என் கிடார் ஏன் கேட்பதில்லை என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆப்கோ மாலூம் நை ஸாப்? ப்ரெசிடெண்ட் ஸாப் போலே, கிடார் நக்கோ. சே சால் ஸே பந்த் ஹை."

உங்களுக்குத் தெரியாதா, தலைவர் கிடார் வேண்டாம் என்றார், ஆறு வருடமாக அந்த லைனை மூடித்தான் வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். எனக்கு எதுவும் மறைக்கப்படவில்லையாம். கேட்காதது என் தப்பாம். நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஹவ், நான்தான் சொன்னேன். ஃபெலிக்ஸ் தம்பி, நீங்க கிடார் மாட்டிட்டு நின்னா மேடைக்கே ஒரு களை. போஸ்டர்ல எவ்ளோ அழகா விழுறீங்க! அதுக்கு மேல சவுண்டு கைக்கு?"

ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு. மானமுள்ளவன் அந்த இடத்திலேயே மன்றத்தை விட்டு விலகியிருப்பான். நான் இரண்டு பெடல் வாங்கினேன். கிடார் வாசிப்பவர்களுக்குள்ள வியாதி இது. சுருதி சேரவில்லையா, சம்பளம் உயரவில்லையா, மனைவி பேசவில்லையா, எதற்கும் எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து இன்னொரு பெடல்.

ஒன்று டிஸ்டார்ஷன் பெடல். உள்ளங்கை அளவு ஆரஞ்சு நிற இரும்புப் பெட்டி. காலால் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அதுவரை பல்லிடுக்கில் பாடிக்கொண்டிருந்த கிடார் தொண்டையைக் கிழித்துக் கத்தும். இன்னொன்று வால்யூம் பெடல். பாதம் வைக்கும் அளவில் ஒரு சாய்வுப் பலகை. முன்காலை அழுத்தினால் சத்தம் ஏறும், குதிகாலை அழுத்தினால் அடங்கி, கடைசியில் ஒன்றுமே கேட்காது. முதலாவது நான் யார் என்று சொல்ல, இரண்டாவது எவ்வளவு என்று சொல்ல. என் பெண் காதில் விழ இவை போதும் என்று நம்பினேன்.

வீட்டில் எப்போதும் ஹெட்ஃபோனில்தான் வாசிப்பேன். வர்ஷினி பள்ளிக்குப் போயிருந்த நேரம் ஒரே ஒரு தடவை சத்தமாகப் போட்டேன். மனைவி சுமதி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னங்க இது, மிக்ஸிக்குள்ள ஸ்பூன் விழுந்த மாதிரி! கீழ் வீட்டு மேஜர் மேல வந்தா நான் பேச மாட்டேன், நீங்கதான் பேசணும்."

ஒத்திகை தலைவர் வீட்டுக் கூடத்தில் நடக்கும். சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயரும் தூக்கிக்கொண்டு போய், யாரையும் கேட்காமல் செருகி, ஆரஞ்சுப் பெட்டியை மிதித்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். தலைவரின் மனைவி தங்கம் அம்மாள் உள்ளேயிருந்து வந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது என்று நினைத்தாராம். இருட்டில் ஒரு குரல் மட்டும் தழுதழுத்தது.

"இதான்! இதான் நான் இருவது வருஷமா கேட்ட இடி!"

அவர் செயலாளர் பத்ரிநாராயணன். மன்றத்தின் பாட்டை எழுதியவர். அதில் 'இடியென முழங்கு தமிழே' என்று ஒரு வரி வரும். அந்த இடத்தில் தபலாவில் விழும் இடி அப்பளம் நொறுங்கியதுபோல இருக்கிறது என்பது அவருடைய நெடுநாள் துக்கம்.

மறுவாரம் செயற்குழு கூடியது. முதல் பொருள் பொங்கல் விழா, இரண்டாவது பொருள் என் பெடல். இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசியை இரண்டாவது பொருள் தின்றது. தமிழ் மன்றத்தில் கத்தலாமா என்றார் ஒருவர். இடி கத்தாமல் என்ன செய்யும் என்றார் பத்ரிநாராயணன். கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பொங்கல் விழாவில், மன்றப் பாட்டில், அந்த வரிக்குப் பின் எட்டு ஆவர்த்தனம் ஃபெலிக்ஸ் டிஸ்டார்ஷன் வாசிக்கலாம். மன்றத்தின் சத்தம் மன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதால், வால்யூம் பெடல் தலைவரின் நாற்காலிக்குக் கீழே, தலைவரின் பாதத்தில் இருக்கும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். ஆறு வருடம் மூடிக் கிடந்த லைனைவிட இன்னொருவர் கால் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

தங்கம் அம்மாள் பெடலுக்கு மின்சாரம் தரமாட்டேன் என்றதால், ஒத்திகை முழுக்கச் சத்தமில்லாமலே நடந்தது. நான் இடியை மனசுக்குள் வாசித்தேன், தலைவர் செத்துக்கிடந்த பெடலை மிதித்துப் பழகினார். நாளாக ஆக அவருக்கு அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்தார். டிசம்பரில், "இந்த வருஷம் நானும் ஃபெலிக்ஸும் சேந்து வாசிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜனவரி பிறந்ததும், "இந்த வருஷம் நான் கிடார்ல இருக்கேன்" என்றார். அழைப்பிதழ் வந்தபோது இப்படி இருந்தது: 'கிடார், பாதம்: திரு. சாரங்கபாணி அவர்கள். கிடார், கை: ஃபெலிக்ஸ்.'

விழா நாள். வர்ஷினியைக் கடைசி வரிசையில் உட்காரவிடாமல் மூன்றாவது வரிசையில் சுமதி பக்கத்தில் உட்கார வைத்தேன். "இன்னைக்கு அப்பா வாசிக்கிறது கேக்கும். மன்றப் பாட்டு வரும்போது ஃபோனை உள்ள வச்சிரு" என்று இரண்டு முறை சொன்னேன். "ஓகே பப்பா" என்றாள், நம்பாத குரலில். இந்த முறையும் கேட்காவிட்டால் கிடாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

'இடியென முழங்கு தமிழே' வந்தது. ஆரஞ்சுப் பெட்டியை மிதித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

தலைவரைப் பார்த்தேன். அவர் குதிகாலை நன்றாக ஊன்றி, போட்டோகிராஃபரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு ஆவர்த்தனம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. என் விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது வரிசையில் வர்ஷினி மோவாயில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. மூன்றாவது ஆவர்த்தனத்தில் தபலா சேர்ந்தது. அவ்வளவுதான், தலைவருக்கே தெரியாமல், முப்பத்தெட்டு வருடப் பழக்கத்தில், அவர் வலது கால் ஆடத் தொடங்கியது. குதிகால், முன்கால், குதிகால், முன்கால்.

ஙொய்ங். ஒன்றுமில்லை. ஙொய்ங். ஒன்றுமில்லை. ஙொய்ங்.

நான் இழுத்த இழுப்பெல்லாம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுச் சபையில் விழுந்தது. ஒவ்வொரு துண்டும் தலைவரின் ஷூ இறங்கும் நேரத்துக்குச் சரியாக விழுந்தது. சபை முதலில் மிரண்டது, பிறகு காலைக் கவனித்தது, பிறகு விசிலடித்தது. கடைசி வரிசைப் பிள்ளைகள் முதல் தடவையாக மேடையைப் பார்த்தார்கள். பத்ரிநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'வன்ஸ் மோர்' என்று ஒரு கூச்சல். மறுபடி வாசித்தோம். மறுபடி கால் ஆடியது.

பாட்டு முடிந்ததும் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'பாத இசை வேந்தர்' என்று அங்கேயே ஒரு பட்டமும் கொடுத்தார்கள். அந்தப் பொன்னாடை வைத்திருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்; கை சும்மாத்தானே இருக்கிறது என்று என்னிடம் கொடுத்தார்கள். "இந்தக் கலையை நான் யாருகிட்டயும் கத்துக்கலை, தானா வந்துச்சு" என்றார் தலைவர். அது மட்டும் சத்தியமான வார்த்தை.

சுமதி பத்ரிநாராயணன் வீட்டாரோடு காரில் வந்தாள். ஸ்கூட்டரில் நானும் வர்ஷினியும். அவள் துள்ளிக்கொண்டிருந்தாள்.

"பப்பா, தட் தாத்தா இஸ் ஸோ குட்! வித் ஹிஸ் ஃபுட், பப்பா!"

"நான் எப்படி இருந்தேன்?" என்றேன்.

என் இடுப்பைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "யூ ஆல்ஸோ. குட் ஆக்டிங்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரணில் ஏற்றுவதற்காகக் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வர்ஷினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வால்யூம் பெடலைத் தடவிப் பார்த்தாள். தாத்தாவுடைய பெடல் நம் வீட்டில் ஏன் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எல்லாவற்றையும் செருகினேன். அவள் காலைப் பிடித்துப் பெடல்மேல் வைத்தேன். மன்றப் பாட்டின் அந்த எட்டு ஆவர்த்தனத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

அவள் முன்காலை மெல்ல அழுத்தினாள். வெட்டுப்படாமல், முழுசாக, நான் வாசித்தது வாசித்தபடியே அறையில் எழுந்தது. அவள் வாயைப் பிளந்தாள். இன்னும் அழுத்தினாள்.

"ஏங்க!" என்று சமையலறையிலிருந்து சுமதி கத்தினாள். "மேஜர் வீட்டுக் கதவு திறக்குது! குறைங்க!"

வர்ஷினி பயந்து குதிகாலை ஊன்றினாள். சத்தம் பொட்டென்று நின்றது. என் கை நிற்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று ஆவர்த்தனம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். முன்காலை லேசாகத் தொட்டாள், கேட்டது. எடுத்தாள், நின்றது. மறுபடி விரல்களைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் ஓடும் விரல்கள். ஆறு வருடமாக அவள் மேடையில் பார்த்த அதே விரல்கள். அவள் முகம் மாறியது.

தன் பிள்ளைகள் வாயில் தமிழ் வர வேண்டும் என்று மன்றம் முப்பத்தெட்டு வருடமாகப் பாடுபடுகிறது. என் மகள் ஒரு ஆங்கில வார்த்தைகூடக் கலக்காமல் தமிழில் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அப்ப நடிச்சது அந்தத் தாத்தாவா?"