சோளக் கூழும் ஒன்பது வருச வீம்பும்

ஒன்பது வருசமா என்ர தம்பி வீட்டில நான் பச்சைத் தண்ணி குடிச்சதில்லை. மடு மாதா மேல சத்தியம் பண்ணினனான். மாதாவுக்கு இருக்கிற வேலையளுக்குள்ள இதுவும் ஒரு வேலையோ எண்டு நீங்கள் கேக்கலாம். அண்டைக்கு எனக்கிருந்த கோவத்தில நான் ஆரையும் கேக்கேல்லை, மாதாவையும் கேக்கேல்லை.

காரணம் சோளப் புட்டு. சிரிக்காதேங்கோ.

தம்பி றஜீவ் பெஞ்சாதி பெனிற்றாவையும் கூட்டிக்கொண்டு இத்தாலியில இருந்து எட்மண்டனுக்கு வந்த புதிசு. எங்கட கோயில் மண்டபத்தில அறுவடைத் திருநாள். நான் சோள மாவை வறுத்து, கொதிதண்ணியில குழைச்சு, பிஞ்சுச் சோளத்தின்ர முத்தும் தேங்காய்ப்பூவும் கலந்து அவிச்சுக் கொண்டுபோனனான். மண்டபமே என்னைச் சுத்தி நிண்டு புகழுது. அப்ப இந்தப் பெனிற்றா ஒரு கிள்ளு எடுத்து வாயில போட்டுட்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "நல்லாயிருக்கு மச்சாள், ஆனால் உப்புக் காணாது," எண்டாள்.

அவ்வளவுதான். எட்வேட் அண்ணை எண்டு ஒருத்தர் இருக்கிறார், கோயில் கதிரை அடுக்கிறதும் ஊர் வம்பு அடுக்கிறதும்தான் அவருக்கு வேலை. அவர் போய் உப்புப் போத்திலைக் கொண்டுவந்து என்ர புட்டுக்குப் பக்கத்தில வைச்சார். அதுக்குப் பிறகு உப்புத் தூவாமல் ஒருத்தரும் அதைச் சாப்பிடேல்லை. ஒன்பது வருசம் கழிச்சும் அந்த மனுசன் என்னைக் கண்டால், "பெர்னடெற், இண்டைக்கு உப்புப் போட்டியோ?" எண்டுதான் கேக்கும்.

அண்டையில இருந்து அவள் வீட்டில நான் கை நனைக்கிறேல்லை. பிள்ளையளின்ர பிறந்தநாளுக்குப் போவன். வயித்தில வாய்வு எண்டுவன், இப்பதான் சாப்பிட்டு வந்தனான் எண்டுவன். வற்புறுத்திக் கடதாசியில சுத்தித் தாற கேக்கை பஸ் ஸ்ரொப்பில புறாவுக்குப் போட்டுட்டு வருவன். எட்மண்டன் புறாக்களுக்கு அவளின்ர சமையல் நல்லாப் பிடிக்கும்.

இந்த வருசம் புதுப் பாதர் ஒரு கட்டளை போட்டார். நைஜீரியாச் சனம், போலந்துச் சனம், கொலம்பியாச் சனம், எல்லாருக்கும் சோளம் இருக்காம். அதனால ஒவ்வொரு சமூகமும் தங்கட வீட்டில சமைக்கிற சோளச் சாப்பாடு ஒண்டை ஒரு பெரிய பானையில கொண்டுவர வேணுமாம். எங்கட ஆக்களின்ர சமையல் குழுவுக்கு இப்ப தலைவி ஆர்? பெனிற்றா. கடவுளும் சில நேரம் வேணுமெண்டுதான் செய்யிறவர்.

அவள் சோளக் கூழ் காய்ச்சப் போறாள் எண்டு கேள்விப்பட்டன். கூழ் எண்டால் ஒடியல் மா. பனங்கிழங்கு காயப்போட்டு இடிச்ச மா. இவையள் இத்தாலியில ஒடியல் மா கிடைக்காமல் அந்த ஊர்ச் சனம் களி கிண்டுற மஞ்சள் சோள மாவைப் போட்டுக் காய்ச்சிப் பழகினவை. அதுதான் இப்ப அவையளின்ர பரம்பரைச் சாப்பாடாம். பரம்பரைக்கு வயசு இருபது.

திருநாளுக்கு முதல்நாள் றஜீவ் போன் எடுத்தான். "அக்கா, உங்கட பெரிய சமையல் கிடாரம் வேணும். நூறு பேருக்குக் காய்ச்ச எங்களிட்டப் பானை இல்லை."

"வந்து எடு."

"எனக்குக் காலமை ஷிப்ட் அக்கா. பதினொன்றரைக்குத்தான் வானோட வருவன்."

அவனை நம்பி என்ர கிடாரத்தைக் குடுக்கவும் ஏலாது. ஞாயிறு காலமை நானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினன். பிள்ளைத் தள்ளுவண்டி விடுற இடத்தில கிடாரத்தை வைச்சுப்போட்டுப் பக்கத்தில நிண்டன். ஒரு வெள்ளைக்காரி குனிஞ்சு உள்ள எட்டிப் பாத்துச் சிரிச்சாள், பிள்ளை கிடக்கெண்டு நினைச்சாளாக்கும்.

தம்பி வீட்டுக் கதவடியில குடுத்துட்டு வாறதுதான் என்ர எண்ணம். தண்ணி விட்ட கிடாரத்தை அடுப்பில ஏத்த ரெண்டு பேர் வேணும். ஏத்தினாப் பிறகு கிண்ட ஒராள் வேணும். இப்பிடியே பெனிற்றா என்னை உள்ள இழுத்துப்போட்டாள். நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, வெட்டி எடுத்த சோள முத்து எல்லாம் அவிஞ்சு, கரைச்ச மாவும் புளியும் செத்தல் மிளகாய்க் கூட்டும் விட்டுக் கூழ் கொதிக்கத் தொடங்கினாப் பிறகு, அவள் போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள்.

"மச்சாள், உப்பு ஒருக்காப் பாருங்கோ."

"ஏன், உனக்கு நாக்கு இல்லையோ?"

"இல்லை," எண்டாள்.

பகிடி எண்டு நினைச்சன். பாத்தால் கண் கலங்கி நிக்குது. போன மார்கழி நத்தாருக்கு வந்த காய்ச்சலோட மணமும் போச்சாம், சுவையும் போச்சாம். டொக்ரர் பொறுத்திருந்து பாப்பம் எண்டு சொல்லியே மாதம் ஒன்பதாப் போச்சாம். தம்பிக்குக்கூடச் சொல்லேல்லை. வீட்டுச் சமையலுக்குக் கரண்டி அளவு வைச்சிருக்கிறாள், கிடாரத்துக்கு அளவு தெரியாது.

"இண்டைக்குப் பிழைச்சால் எல்லாருக்கும் தெரிஞ்சிடும் மச்சாள். நாக்குச் செத்தவளிட்ட ஆர் சமையல் குடுப்பினம்? எனக்கு இந்த ஊரில இருக்கிறது அது ஒண்டுதான்."

அவள் சொன்னது சரி. எங்கட சனம் சமைக்கத் தெரியாதவளை மன்னிக்கும், சுவை தெரியாதவளை மன்னிக்காது. பாவம் பாத்துக் கரண்டியைப் பறிச்சுப்போட்டுத் தலையைத் தடவுவினம்.

சத்தியத்தை யோசிச்சன். உள்ளங்கையில விட்டு நக்கிறது சாப்பாடு இல்லை. உப்புப் பாத்தவை வயிறு நிரம்பி எழும்பினதா ஒரு ஊரிலயும் கதை இல்லை. மாதாவும் சமைச்ச பொம்பிளைதானே, விளங்கும்.

கையை நீட்டினன். அகப்பையால கொஞ்சம் விட்டாள். ஊதி ஊதி நக்கினன்.

ஐயோ, என்ன கூழ்! புளியும் உறைப்பும் முன்னுக்கு வந்து, அதுக்குப் பின்னால நண்டு, கடைசியில சோளத்தின்ர இனிப்பு. அந்த இத்தாலி மாவில இப்பிடி ஒரு வழுவழுப்பு வருமெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. உப்பு ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்னை அறியாமல் உள்ளங்கையை இன்னொருக்கா நக்கினன்.

"எப்பிடி மச்சாள்?"

"உப்புக் காணாது," எண்டன்.

நான் யோசிச்சுச் சொல்லேல்லை. ஒன்பது வருசமா வாய்க்குள்ள அடைச்சு வைச்சிருந்தது, கதவு திறந்ததும் வெளியில வந்துட்டுது. அவள் ஒரு கேள்வி கேக்கேல்லை. உடன உப்பை அள்ளிப் போட்டாள்.

திரும்பக் கையில விட்டாள். "இன்னும் கொஞ்சம்," எண்டன். போட்டாள். எனக்கு அப்ப ஒரு சந்தோசம் வந்தது, மறைக்க மாட்டன். மூண்டாந்தரமும் போடச் சொன்னன். பிறகு நக்கினால் நாக்கு எரியுது.

பெனிற்றா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "றஜீவ் எதைப் போட்டாலும் நல்லாயிருக்கு எண்டு சாப்பிடுவார். பிறகு போய் மூண்டு கிளாஸ் தண்ணி குடிப்பார். எனக்கு விளங்கும். உங்களை மட்டும்தான் நம்பலாம் மச்சாள். உங்களுக்கு என்னைப் பிடிக்காது, பொய் சொல்லிச் சந்தோசப்படுத்த மாட்டீங்கள்."

செருப்பால அடிச்சிருந்தாலும் எனக்கு அவ்வளவு நொந்திருக்காது. நேரம் பத்தரை, பூசை பன்ரெண்டுக்கு.

"கூழ் தண்ணியாக் கிடக்கு," எண்டு கத்தினன். "உள்ள மா முழுக்கக் கரை! மிச்சச் சோளம் எங்க? முத்தை வெட்டு! அந்தப் பானையை எடு, பாதியை அதில ஊத்துவம்!"

"ஏன் மச்சாள் திடீரெண்டு?"

"கேள்வி கேக்காதை, தலைவி! கிண்டு!"

உப்பில்லாத மாக்கரைசலை விட்டன், சோளத்தைக் கொட்டினன், புளி கரைச்சன், முருங்கையிலையை உருவிப் போட்டன். போட்ட உப்பை எடுக்க மட்டும் வழி தெரியேல்லை. தம்பி வந்து ஹோர்ன் அடிக்கேக்குள்ள கூழ் வாயில வைக்கலாம் எண்ட நிலைக்கு வந்திருந்தது. அவ்வளவுதான். பூசை முழுக்க நான் முழங்காலில நிண்டு மாதாட்ட ஒண்டுதான் கேட்டன்: இண்டைக்கு மட்டும் எட்வேட் அண்ணைக்கு மூக்கடைக்கிற தடிமன் குடு தாயே.

குடுக்கேல்லை. மண்டபத்தில முதல் ஆளா வந்து பேப்பர்க் கப்பை நீட்டினார். ஒரு வாய் குடிச்சார். முகத்தைச் சுழிச்சார்.

"பெனிற்றா, என்ன இது? கடல்தண்ணியை அப்பிடியே அள்ளி வந்தனீயோ? உப்புப் பாக்கிறேல்லையோ?"

சுத்தி நிண்ட சனம் திரும்பிப் பாத்துது. பெனிற்றாவின்ர முகம் வெளிறிப் போச்சு. அவள் என்னைத்தான் பாத்தாள்.

"நான்தான் போட்டனான்," எண்டு சத்தம் போட்டன். "அவள் அளவாத்தான் காய்ச்சினவள், கிடாரம் குடுத்த திமிரில நான் போய்க் கை வைச்சுக் கெடுத்தனான். எட்வேட் அண்ணை, ஒன்பது வருசமா உப்புப் போட்டியோ போட்டியோ எண்டு கேட்டீங்கள். இந்தாங்கோ, போட்டிருக்கிறன். குடியுங்கோ!"

சனம் கொல்லெண்டு சிரிச்சுது. நான் ஒரு கப்பை எடுத்து எல்லாருக்கும் முன்னால நிண்டு குடிச்சு முடிச்சன். பிறகு ரெண்டாவது கப். அந்த நைஜீரியாப் பொம்பிளையள் உறைப்பு நல்லாயிருக்கெண்டு திரும்பத் திரும்ப வந்து வாங்கிச்சினம், கிடாரம் காலியாப் போச்சு.

நான் மூலையில இருந்து தண்ணி குடிச்சுக்கொண்டிருக்க, பெனிற்றா பக்கத்தில வந்து இருந்தாள்.

"முதல்தரம் உப்புச் சரியாத்தான் இருந்தது, என்ன மச்சாள்?"

காலமை சொன்ன பொய்யே காணும், இன்னொண்டு வேண்டாம் எண்டு இருந்தது. "ஓம்," எண்டன். "எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு தரம் நக்கினீங்கள். இப்ப யோசிச்சுப் பாத்தன். உப்பில்லாத கூழை ஆரும் ரெண்டு தரம் நக்குவினமோ?"

ஏசப் போறாள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அவள் வெறுங்கப்பைக் கையில உருட்டிக்கொண்டு இருந்தாள்.

"அண்டைக்கு உங்கட புட்டிலயும் உப்புச் சரியாத்தான் இருந்தது மச்சாள்."

நான் தண்ணிக் கப்பைக் கீழ வைச்சுப்போட்டு அவளைத் திரும்பிப் பாத்தன்.

"எல்லாரும் உங்களைச் சுத்தி நிண்டவை. எனக்கு அந்த மண்டபத்தில ஒருத்தரையும் தெரியாது. நானும் ஏதாவது சொல்ல வேணும் போல கிடந்தது. சொன்னாப் பிறகு எப்பிடித் திருப்பி எடுக்கிறதெண்டு தெரியேல்லை."

"அடி பாவி! ஒன்பது வருசம் உன்ர கேக்கை நான் புறாவுக்கெல்லோ போட்டனான்!"

"புறாவுக்கோ?" எண்டு கேட்டவள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்து, பிறகு அழுகை வந்து, எட்வேட் அண்ணை தூர நிண்டு என்ன கதையெண்டு தெரியாமல் கழுத்தை நீட்டி நீட்டிப் பாத்தார்.

அடுத்த நாள் பின்னேரம் கிடாரம் எடுக்கப் போனன். மேசையில சாப்பாட்டுக் கோப்பை போட்டு, சோளப் புட்டும் மீன்குழம்பும் வைச்சிருந்தாள். மாதாட்ட மன்னிப்புக் கேட்டுட்டுக் கையைக் கழுவிப்போட்டு வந்து இருந்தன். பிசைஞ்சு ஒரு வாய் வைச்சன். அவள் எதிரில நிண்டு என்ர வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

"உப்புக் காணாதடி," எண்டன்.

"உண்மையாவோ மச்சாள்?"

"மடு மாதா மேல சத்தியமா."

உப்புப் போத்திலை எடுத்துக்கொண்டு வந்தாள்.