பச்சோந்திக்கு இரண்டு கூண்டு

விபெகே போனில் விஷயத்தைச் சொன்னபோது தோர்கில் சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். விவாகரத்தாகி ஆறு வருஷத்தில் அவள் வேலை நேரத்தில் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதான், மகள் ரூனா ஊஞ்சலிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட அன்று. அதனால் எடுத்த எடுப்பிலேயே, "என்ன ஆச்சு, எங்க விழுந்தா?" என்றான்.

"யாரும் விழல. ரூனா ஒண்ணு சொன்னா. உன்கிட்ட சொல்லப் பயப்படுறா, அதான் நானே கூப்பிட்டேன். வாராவாரம் வீடு மாறுறது அவளுக்கு இனிமே வேணாமாம். ஒரே வீட்டுல இருக்கணுமாம்."

"எந்த வீட்டுல?"

"அதை நான் சொல்லக் கூடாது." அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

"கிறிஸ்மஸ் முடியட்டும், உக்காந்து பேசுவோம்," என்றாள் விபெகே. "நமக்குள்ள ஒத்துவரலைன்னா குடும்ப விவகார ஆபீஸ்ல அவளையே கூப்பிட்டுக் கேப்பாங்க. பன்னெண்டு வயசாச்சு, தோர்கில். அவ பேச்சுக்கு மதிப்பு உண்டு."

ஒரு வாரம் அப்பா வீடு, ஒரு வாரம் அம்மா வீடு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றம். எங்கள் எஸ்பியர் நகரத்தில் இதில் அதிசயம் எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால் பாதிப் பிள்ளைகள் முதுகில் பையோடு ஊர் மாறும் கூத்தாடிகளைப் போலப் போய்க்கொண்டிருப்பார்கள். ரூனாவுக்கும் எல்லாமே இரண்டு. இரண்டு கட்டில், இரண்டு மழைக்கோட்டு, இரண்டு பல்துலக்கி, கணக்குப் பாடத்துக்குக்கூட இரண்டு அளவுகோல். பெற்றவர்கள் பாகம் பிரித்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தராசில் நிறுத்ததுபோல் நிறுத்துத்தான் பிரித்திருந்தார்கள்.

தோர்கில் கெட்டவன் அல்ல. கத்தவில்லை, குடிக்கவில்லை, வக்கீலைத் தேடவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, ஈரல் விழுது தடவிய கறுப்பு ரொட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, தின்னாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் அவனுக்குப் பச்சோந்தி ஞாபகம் வந்தது.

மூன்று வருஷமாக ரூனா பச்சோந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அவன் மாட்டேன் என்றான். விபெகே வீட்டில் பேச்சுக்கே இடமில்லை. அவளோடு வாழும் ஸ்டீனுக்கு இரண்டு பூனைகள், இரண்டும் பறப்பதையும் ஊர்வதையும் விட்டுவைக்காத ராட்சசிகள். ஆகப் பச்சோந்தி வந்தால் அது தோர்கில் வீட்டில்தான் இருக்கும். அது இருக்கும் இடத்துக்கு மகள் வந்துதான் ஆகவேண்டும். இதுதான் அவன் போட்ட கணக்கு. பெற்ற பிள்ளையைப் பிடித்துவைக்கப் பல்லிக்குத் தம்பியைத் தூண்டிலில் கோத்தான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவனுக்கே அது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரூனா வந்து பையை இறக்கியதும் சொன்னான். வெள்ளிக்கிழமை மட்டும் கிடைக்கும் மிட்டாய்ப் பொட்டலத்தைக்கூட அவள் பிரிக்கவில்லை.

"நிஜமாவா? சும்மா சொல்றியாப்பா?"

"நிஜமாத்தான். ஆனா முதல்ல செலவுக் கணக்கு போடணும். அதுக்கப்புறந்தான் எல்லாம்."

கணக்கு போட்டார்கள். பச்சோந்திக் குட்டியின் விலை எண்ணூறு குரோனர். அது மலிவு என்று தோர்கில் மனசுக்குள் மகிழ்ந்து முடிப்பதற்குள் ரூனா அடுத்த வரிகளை எழுதிவிட்டாள். ஆள் உயர வலைக்கூண்டு இரண்டாயிரத்து இருநூறு. வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா விளக்கு தொள்ளாயிரம், அதன் குழாயை வருஷா வருஷம் மாற்றவேண்டும். கிண்ணத்தில் வைத்தால் அது தண்ணீர் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும், ஆகவே தூறல் போடும் கருவி ஆயிரத்து நூறு. செடிகள், சூட்டு விளக்கு, சுண்ணாம்புச் சத்துப் பொடி. வாரம் ஒரு டப்பா உயிருள்ள சில்வண்டு. மிருக வைத்தியருக்கென்று தொடாமல் ஒதுக்க ஆயிரத்து ஐந்நூறு.

"ஏழாயிரத்து இருநூறு," என்றாள். "சில்வண்டும் கரண்ட்டும் சேக்காம."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். கோடையில் நார்வே போவதற்கு வைத்திருந்த பணத்தைத் தோர்கில் எடுத்தான். மகளே வராமல் போனால் நார்வே எதற்கு?

விபெகேவுக்குத் தகவல் போனதும் அவள் மறுபடி கூப்பிட்டாள். "மூணு வருஷமா மாட்டேன்னு நின்னவன், நான் விஷயத்தைச் சொன்ன பத்தாம் நாள் நிறம் மாறிட்ட. அங்க யாரு பச்சோந்தின்னு எனக்கு நல்லாத் தெரியுது."

"பிள்ளை ஆசைப்பட்டா, வாங்கித் தர்றேன்."

"தா. ஆனா அவளைக் கட்டிப்போடத் தராத."

அவன் போனை வைத்துவிட்டான். உண்மையைச் சொன்னவர்களிடம் வேறென்ன செய்வது?

பச்சோந்தி வளர்த்து விற்பவர் ஐனார், வார்தெ ஊர்ப் பக்கத்தில் பஸ் மெக்கானிக். வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் வரிசையாகக் கூண்டுகள் வைத்திருந்தார். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. காசை நீட்டியவனுக்கெல்லாம் உயிரைத் தரமாட்டார். முதலில் கூண்டைக் கட்டி, செடி வைத்து, விளக்கும் தூறலும் போட்டு மூன்று வாரம் காலியாகவே ஓட்டவேண்டும். தினம் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று எழுதவேண்டும். நோட்டைப் பார்த்து அவருக்குத் திருப்தியானால்தான் குட்டி.

காலிக் கூண்டுக்குச் சேவகம் தொடங்கியது. முதல் வாரம் ரூனா இருந்தாள், அவளே எழுதினாள். கடற்கரைத் தோப்பில் காற்றுக்கு முறிந்த கிளைகளை இருவரும் பொறுக்கி வந்து, வெந்நீரில் கழுவி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். இரண்டாம் வாரம் அவள் இல்லை. தோர்கில் தனியாக நின்று எழுதினான். அந்த நவம்பரில் சூரியன் முகம் காட்டவே இல்லை. நாலரை மணிக்கே இருட்டிவிடும், கடலிலிருந்து மழை சன்னலில் படுக்கைவசமாக வந்து அடிக்கும். வீடு முழுக்க வெயில் அடித்த ஒரே இடம் யாரும் குடியில்லாத அந்தக் கூண்டுதான். வேலை முடிந்து வந்து மேல்சட்டையைக் கழற்றாமல் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான்.

ஆனால் ஏழு மணிக்கு ஒரு பலன் இருந்தது. சரியாக ஏழு அடித்ததும் ரூனா போன் செய்தாள்.

"ஈரம் எவ்வளவுப்பா?"

"அம்பத்திரண்டு."

"கம்மி. இன்னொரு தூறல் போடு. ராத்திரி ஜன்னலை லேசாத் திற, அதுக்குக் குளிரணும்."

"எனக்கும் சேத்துக் குளிருமே."

"நீ போத்திக்க."

இதற்கு முன் அம்மா வாரத்தில் அவள் தினமும் கூப்பிட்டதே கிடையாது. கணக்கு பலித்துவிட்டது என்று தோர்கில் நினைத்தான். போனை வைத்த பிறகு தனியறையில் சத்தமாகச் சிரித்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் வாரம் அவள் வந்தாள். நாலாம் வாரமும் அவள் இல்லாமல் கழிந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்த மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் வார்தெக்குப் போனார்கள்.

ஐனார் நோட்டை நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கையில் எண்ணெய்க் கறை. "பெரியவங்களே இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டாங்க," என்று ரூனாவிடம் சொன்னார். பிறகு ஒரு கூண்டைத் திறந்து காட்டினார். விரல் நீளத்துக்கு இளம்பச்சையாக ஒன்று, குச்சியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் அவரையும் இன்னொரு கண்ணால் ரூனாவையும் பார்த்தது. ரூனா மூச்சுவிடவே பயந்து நின்றாள்.

"தீனி யார் வைப்பாங்க?" என்று கேட்டார் ஐனார்.

"நான்தான். நான் இல்லாத வாரம் அப்பா." அப்புறம் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். "ஆனா நான் இன்னொரு கணக்கும் போட்டிருக்கேன். அப்பாவுக்கே தெரியாது. என் பிறந்தநாள் காசு அஞ்சாயிரம் சேந்திருக்கு. அம்மா வீட்டுல என் ரூமுக்குப் பூனை வராம பூட்டு போட்டுக்கலாம்னு ஸ்டீன் சொல்லிட்டார். அங்க ஒரு கூண்டு வச்சுட்டா, வெள்ளிக்கிழமை நான் போறப்ப அதையும் ஒரு டப்பாவுல எடுத்துட்டுப் போயிடுவேன்."

இரண்டு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இப்படித் தோன்றும். எல்லாமே இரண்டு என்றால் கூண்டும் இரண்டுதானே?

ஐனார் சிரிக்கவில்லை. கூண்டை மூடிவிட்டு இல்லையென்று தலையசைத்தார். "அது நடக்காது, ரூனா."

"ரெண்டு கூண்டும் ஒரே மாதிரி வச்சிடுவேன். அதே செடி, அதே விளக்கு."

"அப்படியே இருந்தாலும் நடக்காது. இதுக்கு இடம்னா ஒண்ணுதான். எந்தக் கிளையில வெயில் வரும், எந்த இலையில தண்ணி நிக்கும்னு மெதுவா மெதுவாத்தான் தெரிஞ்சுக்கும். தெரிஞ்சு முடியறப்ப தூக்கிட்டுப் போனா, மறுபடி முதல்லேர்ந்து."

"கொஞ்ச நாள்ல பழகிடாதா?"

"பழகாது. தாங்கிக்கும், அவ்வளவுதான். அமைதியா இருக்கும், சத்தம் போடாது, கடிக்காது. பாக்கிறவங்க, எவ்வளவு சமத்துன்னு சொல்வாங்க. சமத்தெல்லாம் இல்ல. உடம்புக்கு முடியலைன்னா வெளிய காட்டிக்காத ஜாதி இது. நிறம் கறுத்து, பகல்லயே கண்ணை மூட ஆரம்பிச்சப்புறந்தான் நமக்கே தெரியும். அப்பத் தெரிஞ்சு என்ன பண்ண?"

தோர்கிலுக்கு உள்ளூரச் சந்தோஷம் பொங்கியது. தான் சொல்ல நினைத்ததை, சொல்லத் தெரியாததை, வேறு ஒருவரே சொல்லிவிட்டார். கூண்டு ஒன்றுதான், அது என் வீட்டில்தான். வெற்றி பெற்றவனின் முகத்தோடு மகள் பக்கம் திரும்பினான்.

ரூனா குட்டியைப் பார்க்கவில்லை. தாளை மறுபடியும் நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சந்தோஷம் வடிந்தது. அந்த முகத்தை அவன் இதற்கு முன் எத்தனையோ வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறான். எவ்வளவு சமத்து என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான்.

"இன்னிக்கு வேணாம்ப்பா," என்றாள்.

தோர்கில் நீட்டிய எண்ணூறை ஐனார் வாங்கவில்லை. "இங்கயே இருக்கட்டும், அவசரம் இல்ல," என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

காரில் ஊர் திரும்பினார்கள். கண்ணாடியில் மழைத் துடைப்பான் போய்ப் போய் வந்தது. முன்னால் போன மணல் லாரியைத் தாண்ட அவன் முயலவே இல்லை.

"அப்பா."

"சொல்லு."

"நானும் பழகலைப்பா." அவள் கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "ஆறு வருஷமாத் தாங்கிக்கிட்டிருக்கேன். புதன்கிழமைதான் ரூம் என் ரூம் மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை கிளம்பிடணும்."

தோர்கில் வண்டியைப் பஸ் நிறுத்தத்தில் ஓரங்கட்டினான். அவளை ஒரு கேள்வி கேட்கவேண்டும், அதைப் பெற்றவன்தான் கேட்கவேண்டும், ஆபீஸில் யாரோ மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கக்கூடாது என்று மட்டும் அவனுக்கு அப்போது தோன்றியது.

"எந்த வீடு, ரூனா?"

"அம்மா வீடு," என்றாள். சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். "உன்னைப் பிடிக்காம இல்லப்பா. சத்தியமா இல்ல."

"தெரியும்மா."

"கூண்டு, காசு, எல்லாம் வீணாப் போச்சு. இனி நார்வேயும் போக முடியாது."

"அது கிடக்கட்டும்." அவள் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஈர முடி அவன் தாடையில் ஒட்டியது. "நானே அம்மாகிட்ட பேசறேன். இன்னிக்கே பேசிடறேன். நீ யார்கிட்டயும் போய் எதுவும் சொல்ல வேணாம்."

சாலை கடலோரமாக வந்து இரண்டாகப் பிரியும் இடத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. இடப்பக்கம் போனால் அவன் வீடு, வலப்பக்கம் போனால் விபெகே வீடு. நல்ல தகப்பன் என்றால் இப்போதே வலப்பக்கம் திரும்பவேண்டும் என்று தோர்கிலுக்குத் தெரிந்தது. இண்டிகேட்டர் குச்சியில் கையையும் வைத்தான்.

ரூனா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பார்த்தாள். "இது உன் வாரம்ப்பா," என்றாள். "இன்னும் ஆறு நாள் இருக்கு."

பன்னிரண்டு வயதில் அவள் அவனுக்கு நாள் பிரித்துத் தந்தாள். அந்த ஆறு நாளை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. விளக்கு பச்சையானதும் இடப்பக்கம் திரும்பினான்.