வெள்ளிக்கிழமை வெட்டிய நகம்

என் படிப்புக்கு எங்கள் வீட்டில் பிணப்படிப்பு என்று பெயர். வைத்தவள் என் கூடப்பிறந்த அக்கா ஜெயலெட்சுமி. பதினாறு வருடம் தாதியாக வேலை பார்த்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்று பினாங்கில், கெலுகோரில் நடத்திய தடயவியல் தாதிமை முதுகலை வகுப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு முழுக்க வகுப்பு. "செத்தவங்கள அறுக்க ஒரு பொம்பளைக்கு டிகிரி வேறயாம்" என்று அக்கா கோயில் வாசலில் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னாள். நான் யாரையும் அறுக்கவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் மண்டையில் ஏறாது. அடிபட்டு உயிரோடு வருகிறவர்களுக்கான படிப்பு அது. காயம் சொல்வதைக் கலைக்காமல் எடுத்துவைக்கிற வேலை.

வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததே கழுவாதே என்பதுதான். தாதியின் கை சும்மா இருக்காது. இரத்தத்தைக் கண்டால் பஞ்சைத் தேடும். துடைத்துச் சுத்தம் செய்து, தலை வாரி, வேறு துணி மாற்றிவிட்டால் நல்லது செய்துவிட்டோம் என்று நினைப்போம். அந்த நல்ல காரியத்தில் எத்தனை பெண்களின் வழக்கு சாக்கடையில் போயிருக்கிறது என்று கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்று ஏழாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவசரப் பிரிவில் வேலையாக இருந்தேன். அக்கா தன் மகன் வாசுவோடும் மருமகள் யோகலட்சுமியோடும் பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே என்னிடம் வந்தாள். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. சொந்தத்தில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, தாதியாக இருந்தால் போதும், கவுண்டரில் பெயர் பதிய மாட்டார்கள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, நவமணி. தொண்ட வலிக்குதுங்கிறா. மருந்து குடுத்து, டாக்டர்கிட்ட ஒரு எம்.சி. லீவு சீட்டு வாங்கிக் குடுத்துரு, இவ ஃபேக்டரிக்குக் காட்டணும். பேரெல்லாம் பதிய வேணாம்லா. நீ இருக்கியே, அப்புறம் என்ன?"

பிணப்படிப்புக்காரி இப்போது வேண்டியவளாகிவிட்டாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யோகாவைப் பார்த்தேன். சுங்கை பாக்காப் தோட்டத்துப் பெண், அப்பா அம்மா இல்லாதவள். கல்யாணமாகி இரண்டு வருடம். தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டி, பொட்டு வைத்து, கழுத்து முழுக்கச் சந்தனம் அப்பி, அதன்மேல் பவுடரும் போட்டு அழைத்து வந்திருந்தார்கள். வழுக்கி விழுந்தவளை யார் இப்படிச் சோடித்துக் கொண்டுவருவார்கள்?

கீழிமையை இறக்கிப் பார்த்தேன். உள்ளே ஊசியால் குத்தினாற்போல் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். எச்சில் விழுங்கும்போது முகம் சுருங்கியது. பெயரைக் கேட்டேன், குரல் தேய்ந்துபோய் வந்தது. பாத்ரூமில் விழுந்தால் இடுப்பு உடையும், மணிக்கட்டு உடையும். பாத்ரூம் தரை யாருடைய கழுத்தையும் நெரிக்காது.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றேன்.

"நான் மாமியா, எனக்கு முன்னால பாக்கிறதுக்கு என்ன?"

"அதனாலதான். போ."

"சின்னம்மா, கெரேட்டாவ ரோட்டோரமா பார்க் பண்ணிருக்கேன், சம்மன் வச்சுருவான். சீக்கிரம்லா" என்றான் வாசு. பினாங்கு வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தானை மாட்டி, வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் நான் இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டிய பையன். அந்தக் கணத்தில் அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.

திரையை இழுத்துவிட்டு யோகாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் செய்தது, அவனா என்றெல்லாம் நாமாக எடுத்துக்கொடுக்கக் கூடாது. அது அவள் வாயிலிருந்து வர வேண்டும்.

"என்ன நடந்துச்சும்மா?"

அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். அப்போதுதான் விரல்களைப் பார்த்தேன். பத்து நகமும் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. வலது கட்டைவிரல் ஓரத்தில் இரத்தம் இன்னும் காயவில்லை.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் மகாலட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று வாசு குழந்தையாக இருந்தபோது என் கையிலிருந்து நகவெட்டியைப் பிடுங்கியவள் எங்கள் அக்கா. அவள் வீட்டில், அவள் மருமகளுக்கு, வெள்ளிக்கிழமை நகம் வெட்டப்பட்டிருக்கிறது.

"யாரு வெட்டிவிட்டா?"

"அத்த" என்றாள் யோகா. பிறகு, கேட்காமலே, மெல்ல மெல்லச் சொன்னாள். "அவரு கழுத்தப் புடிச்சாரு, சின்னத்த. மூச்சு வரல. கையப் பிராண்டிட்டேன். கண்ணு இருட்டிருச்சு. முழிச்சப்போ அத்த தண்ணி ஊத்திக் குளிப்பாட்டிட்டு இருந்தாங்க."

"எத்தன தடவ?"

"முன்னெல்லாம் அடிதான். கழுத்தப் புடிச்சது இது மூணாவது."

கழுத்தை நெரித்தவன் அடுத்த தடவை கொன்றே போடலாம் என்று வகுப்பில் கேட்டபோது அது வெறும் பாடமாக இருந்தது. இன்றைக்கு இவளை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த முறை வெள்ளைத் துணி போர்த்தித்தான் கொண்டுவருவார்கள்.

"போலீசுக்குச் சொல்லலாமா? நீ சரின்னாதான்."

யோகா திரைப் பக்கம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

அதற்குமேல் நான் அவளைத் தொடவில்லை. சொந்தக்காரி நான் படம் எடுத்தால், மாதிரி எடுத்தால், நாளைக்குக் கோர்ட்டில் வக்கீல் சிரிப்பான். என்னோடு வேலை செய்யும் காமாரியாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரை அழைத்து, பெயர் பதிந்து, கேமராவோடு அவள் உள்ளே போனாள். நான் வெளியே வந்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது.

"எம்.சி. எழுதியாச்சா?"

"நீ அவ நகத்த ஏன் வெட்டுன?"

"அழுக்கா இருந்துச்சு, வெட்டுனேன். உனக்கென்ன?"

"இன்னிக்கு வெள்ளிக்கெழம அக்கா."

அவள் கை தோளில் கிடந்த கைப்பையை இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டது. அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. வெட்டிய நகத்தை வீட்டுக் குப்பையில் போட அவளுக்குக் கை வராது. எவனாவது எடுத்துச் சூனியம் வைத்துவிடுவான் என்ற பயம். காகிதத்தில் மடித்து, தன் கையாலேயே கடலில் போட்டால்தான் நிம்மதி. சேலையை மாற்றினாள், தலையைக் கழுவினாள், கழுத்துக்குச் சந்தனம் பூசினாள். மகனின் தோல் ஒட்டிய நகத்தை மட்டும் அவளால் தூக்கி எறிய முடியவில்லை.

ஆஸ்பத்திரிப் போலீஸ் சாவடியிலிருந்த இஸ்மாயில் அப்போதுதான் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்திருந்தார். நான் பையைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டு, அக்காவிடம் பையைத் திறக்கச் சொன்னார்.

"தொட்டீங்க, நடக்கிறதே வேற!" என்று அக்கா கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சண்டாளி! சொந்த ரத்தத்தக் காட்டிக் குடுக்கவாடி படிச்சே? அம்மா செத்தப்புறம் ஒன்ன யாரு வளத்தா?"

"நீதான். இல்லேங்கல. பையத் தொற."

இஸ்மாயில் மறுபடியும் கேட்டார். திறந்தாள். விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், நாள்காட்டித் தாளில் நாலாக மடித்த சின்னப் பொட்டலம். அவர் அதைப் பிரிக்கவில்லை. காமாரியா திரைக்குள்ளிருந்து நீட்டிய உறையில் அப்படியே போட்டு ஒட்டினார்.

வாசு நழுவப் பார்த்தான். "சட்டக் கைய மடக்குடா" என்றேன். அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர்தான் சட்டைக் கையை ஏற்றிவிட்டார். முழங்கை வரை நீள நீளமாகப் பிராண்டல்.

அக்கா என்னை விட்டுவிட்டுத் திரைக்குள் பாய்ந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தேனாக்கினாள்.

"யோகாம்மா, என் கண்ணுல்ல. வழுக்கி விழுந்தேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. வா, நம்ம வீட்டுக்குப் போவோம். இனிமே அவன் கை வச்சா நான் கேக்கிறேன். வாம்மா."

யோகா வாயைத் திறந்தாள். குரல் எழவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றாள்.

"வரமாட்டேன்."

வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஐயோ என் புள்ள, என் புள்ள" என்று மகனுக்காக மட்டும் அழுதாள். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துத் தூக்கி, வெளியே விட்டுவிட்டு, திரையை மூடினேன்.