அக்காவும் தம்பியும் பேசாத வரை

எங்கள் ஆலோசனை நிறுவனம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. நான் சொல்லவில்லை, வாசல் கண்ணாடியிலேயே பெரிய எழுத்தில் அப்படிப் போட்டிருந்தார்கள். நான் சேர்ந்தபோது ஓர்ஹூஸ் நகரத் துறைமுகத்தைப் பார்த்த ஒரே மாடியில் சில பேர்தான் இருந்தோம். சீக்கிரமே அது மூன்று மாடியானது. அப்படியும் மேசை போதவில்லை. இடம் கிடைக்காதவர்கள் சாப்பாட்டு அறையில், யாருடைய சாண்ட்விச்சுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து, அலுவலக இடத்தைத் திறமையாகப் பயன்படுத்துவது எப்படி என்று ஊருக்கெல்லாம் அறிக்கை எழுதினார்கள்.

நிறுவனர் யெப்பெ ரவ்ன். எங்கள் நாட்டில் முதலாளியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதனால் அவர் முதலாளி இல்லை என்று ஆகிவிடாது. வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் சூடான ரொட்டியும் வெண்ணெயும் சீஸும் அவரே வாங்கி வருவார். அதைத் தின்று முடிப்பதற்குள் யாராவது ஒருவருடைய சனிக்கிழமை பறிபோயிருக்கும்.

என் பொறுப்பில் இருந்தது ஹோர்சென்ஸ் நகரத்தில் ஓர் அதிமதுர மிட்டாய்த் தொழிற்சாலை. உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய். அப்பாவிடமிருந்து அது இரண்டு பிள்ளைகளுக்கு வந்தது. அக்கா போடில் மிட்டாய் செய்தாள், தம்பி தோர்கில் விற்றான். ஒரே நடைபாதையின் இந்தக் கோடியில் அவள் அறை, அந்தக் கோடியில் அவன் அறை. ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. நடுவில் நாங்கள் இருந்தோம்.

எங்கள் கான்ட்ராக்டில் இதற்கு "உள் தகவல் ஓட்டச் சீரமைப்பு, நான்காம் கட்டம்" என்று பெயர். வேலை இதுதான்: போடில் அறைக்குப் போவேன்.

"அந்த மகாராஜாகிட்ட சொல்லு டிட்டெ, டப்பாவ பச்சையா மாத்தினா, உள்ள போட மிட்டாய் வராதுன்னு."

நடைபாதையில் நடந்து தோர்கில் அறைக்குப் போவேன்.

"டப்பாவோட நிறம் பத்தி உற்பத்திப் பிரிவுக்குச் சில தயக்கங்கள் இருக்கு."

"மகாராஜான்னு சொன்னாளா?"

"அந்த வார்த்தையும் வந்துச்சு."

"அப்போ மகாராணிகிட்ட போய்ச் சொல்லு, நான் கொடுத்தது பச்சை இல்ல, கடல் நிறம்னு."

மாதக் கடைசியில் இந்தப் போக்குவரத்தை ஒரு ஸ்லைடாக்குவேன். இரண்டு வட்டம், நடுவில் இரண்டு அம்பு. அந்த அம்புகளை யெப்பெக்கு ரொம்பப் பிடிக்கும். ஆறு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த படிப்பு, கடைசியில் அம்பு விடத்தான் உதவியது.

ஒருமுறை அவரிடம் கேட்டேன். "ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல உக்கார வெச்சு, என்னதான் சண்டைன்னு கேட்டுட்டா என்ன? ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிரும்."

கட்டடத்துக்குத் தீ வைக்கலாமா என்று கேட்டதைப் போல யெப்பெ என்னைப் பார்த்தார்.

"டிட்டெ, நாம நீண்ட கால உறவுகள நம்புறவங்க."

"யாரோட உறவு? அவங்களோடதா, நம்மளோடதா?"

"ஐந்தாம் கட்டத்துக்கு நல்ல தலைப்பா ஒண்ணு யோசிச்சு வை" என்றார்.

நவம்பரில் எனக்குத் தொண்டை கட்டியது. கொஞ்சநஞ்சமல்ல, குரலே போய்விட்டது. அன்றைக்குப் பார்த்து ஹோர்சென்ஸில் கூட்டுக் கூட்டம். கிறிஸ்துமஸ் மிட்டாய்க் கலவையை முடிவு செய்ய வருடத்துக்கு ஒருமுறை அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் உட்காருவார்கள். இருவரும் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நான் இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, இருவரும் ஏற்கெனவே காதால் கேட்டதையே திருப்பிச் சொல்வேன்.

குரல் இல்லை, வர முடியாது என்று யெப்பெக்குச் செய்தி அனுப்பினேன். "ஒரு ஆலோசகருக்கு முக்கியம் குரல் அல்ல, இருப்பு" என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயத்தோடு. கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன்.

போடில் ஆரம்பித்தாள். "டிட்டெ, அவன்கிட்ட சொல்லு. இந்த வருஷம் கலவைல மிளகு போடப்போறேன்."

நான் வாயைத் திறந்தேன். துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு சத்தம் வந்து, அதுவும் நின்றது.

"என்னவாம்?" என்று தோர்கில் என்னிடம் கேட்டான். போடில் அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். பிறகு போடிலைக் காட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

தோர்கில் சட்டைப் பொத்தானைத் திருகினான். போடில் ஜன்னலைப் பார்த்தாள். எனக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"மிளகா?" என்றான் தோர்கில் திடீரென்று. "பைத்தியமா உனக்கு?"

உனக்கு என்றான். அக்காவைப் பார்த்துச் சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது போலிருக்கிறது, முகம் வெளிறியது.

போடிலின் முகமோ சிவந்தது. "யாருக்குடா பைத்தியம்? அத்தன பேர் முன்னாடி நாய்க்கு நன்றி சொன்னவன் நீ!"

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவர்கள் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்து. வந்த கூட்டத்துக்கெல்லாம் சமைத்தவள் போடில். தோர்கில் எல்லோரும் கவனிக்கக் கண்ணாடிக் கோப்பையைக் கரண்டியால் தட்டி, எழுந்து உரை நிகழ்த்தினான். கூடாரம் போட்டவருக்கு நன்றி சொன்னான். நாற்காலி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னான். அம்மாவுக்குத் துணையாக இருக்கும் நாய்க்கும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"உன்ன கடைசில வெச்சிருந்தேன்!" என்று கத்தினான். "நல்லா, நீளமா வெச்சிருந்தேன். நாய் சொன்னதும் ஜனங்க சிரிச்சாங்களா, உரை முடிஞ்சிருச்சுன்னு ஓலுஃப் மாமா பாட்ட ஆரம்பிச்சிட்டாரு. அவரே எழுதின பாட்டு, முடியவே இல்ல. முடிஞ்சு பாத்தா நீ கோட்ட மாட்டிக்கிட்டுப் போயிட்ட."

"மறுநாள் சொல்லக் கூடாதா?"

"போன் பண்ணேன். நீ எடுக்கல."

"ரெண்டாவது தடவ பண்ணியா?"

தோர்கில் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, தின்னாமல் திரும்ப வைத்தான்.

"சரி, இப்ப சொல்லு" என்றாள் போடில்.

"எத?"

"அந்த நன்றிய. நல்லா, நீளமா இருந்துச்சுன்னியே."

அவன் எழுந்து நின்றான். உரை என்றால் எங்களுக்கு நின்றுதான் பழக்கம். கையில் ஏதாவது இருக்கவேண்டும் என்று தண்ணீர் கிளாசை எடுத்துக்கொண்டான்.

"உருளைக்கிழங்கு நல்லா இருந்துச்சு, போடில். எல்லாமே நல்லா இருந்துச்சு. அம்மா ரொம்ப நாள் அதையே சொல்லிக்கிட்டிருந்தா. நீ இல்லன்னா அன்னிக்கு ஒண்ணுமே நடந்திருக்காது." ஒரு வாய் தண்ணீர் குடித்தான். "இன்னும் இருந்துச்சு. மறந்துபோச்சு."

போடில் காகிதக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "உருளைக்கிழங்கு அடிப்பிடிச்சிருந்துச்சு" என்றாள்.

பிறகு இருவரும் மிளகைப் பற்றி மதியம்வரை நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. தட்டில் இருந்த பிஸ்கட்டையெல்லாம் தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

மறுவாரம் கான்ட்ராக்ட் முடிந்ததாக ஹோர்சென்ஸிலிருந்து தகவல் வந்தது. யெப்பெ என்னைக் கூப்பிட்டார்.

"அங்க போய் என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"ஏதாவது சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? குரலே வரல."

திட்டுவதற்கு எழுந்தவர் அப்படியே நின்றார். "ஒண்ணும் பண்ணல" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. எனக்குப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு நடுவே அறிவித்தார்: எங்கள் நிறுவனத்தின் புதிய சேவை, மௌன முறை. தலைமை, நான். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்கு வாயை மூடிக்கொண்டு உட்காரப் பயிற்சி கொடுத்தேன். நால்வர் தேறினார்கள். ஐந்தாவது ஆள், மௌனத்தின் மூன்று நன்மைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அவனை விற்பனைக்கு மாற்றினோம்.

முதல் வாடிக்கையாளர்கள் வைலெ நகரத்துப் பல் மருத்துவர்கள். அவர்களும் அதிகம் பேசாதவர்கள். எங்கள் ஆட்கள் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. காபி குடித்தார்கள், மழையைப் பார்த்தார்கள். எழுந்தபோது மூத்த மருத்துவர், இவ்வளவு உருப்படியான கூட்டத்துக்குப் போனதே இல்லை என்று கைகுலுக்கினாராம். இரண்டாம் கட்டத்துக்கும் ஒப்புக்கொண்டார்கள். யெப்பெ நாலாவது மாடிக்குப் பேரம் பேசப் போனார்.

வசந்தத்தில் போடில் போன் செய்தாள்.

"எங்ககிட்ட வேலைக்கு வந்துடு."

"என்ன வேலை?"

"திட்டமிடல்."

பின்னால் தோர்கில் குரல். "திட்டமிடல் இல்ல! ஏற்றுமதின்னு சொன்னேன்ல!"

"நீ சும்மா இருடா, நான்தானே பேசிட்டிருக்கேன்!"

"போன் என்னோடது!"

இருவரும் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தேன். நெடுநேரம் ஆனது. எனக்கு அலுக்கவில்லை. வருகிறேன் என்று சொன்னேன், யார் காதில் விழுந்தது என்று தெரியவில்லை.

இங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது. என் வேலை என்ன என்பதில் அவர்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. தினமும் காலையில் நடைபாதையில் நின்று அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அது தீரும்வரை மிட்டாய் ஏற்றிப் போகும் லாரிகளைக் கவனித்துக்கொள்கிறேன். யாரும் கொடுத்த வேலை இல்லை. ஆனால் லாரிகள் போய்ச் சேருகின்றன.