பெரணியைத் தோண்டிப் பார்த்தவன்

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, சந்தேகத்தில் பிறந்தது. என் வீட்டின் வடக்குச் சுவரோரம், வெயில் எட்டாத ஈர இடத்தில், அக்கா பெரணி வளர்க்கிறாள். கம்பி போன்ற கறுப்புக் காம்பு, குட்டி விசிறிகளாக இலைகள். இந்த மண்ணுக்கே உரிய வகை. ஓடைக்கரையில் தானாக முளைப்பது. அங்கிருந்து யாரும் பிடுங்கக் கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவளும் அக்காதான்.

முதல் வரியாக ‘அக்கா ஒரு திரு...’ என்று எழுதிப் பாதிச் சொல்லில் நிறுத்தினேன். (அவசரப்படாதே, எழுத்தாளா.)

2

சரி, ஆதாரம். ஞாயிறுதோறும் ஓடைப் பக்கம் நடக்கப் போகிறாள். செருப்பில் சேறு. இங்கே பெரணி ஏழாகிவிட்டது.

“இதெல்லாம் எங்க வாங்கின?”

“நர்சரிலதான். ஏன்டா, போலீஸ் மாதிரி கேக்கற?”

“சும்மாதான்.”

“நீ சும்மா கேட்டதே இல்லையே.”*

* உண்மைதான். முன்பு அவளுக்கு வந்த கடிதம் ஒன்றைப் பிரித்துப் படித்தேன். இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. இன்னொரு முறை வேவு பார்த்தால் வீட்டை விட்டே போய்விடுவேன் என்றாள். சொன்னால் செய்பவள்.

3

நர்சரிக்காரரைக் கதைக்குள் விட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வினை அவரிடம்தான் தொடங்கியது.

“எங்கக்கா உங்ககிட்டதான் பெரணி வாங்கினாங்களா?”

“எத்தனையோ பேர் வர்றாங்க சார், யாரை ஞாபகம் வெச்சுக்கறது? ஓடைச் செடின்னா வேர்ல கல்லும் களிமண்ணும் இருக்கும். நம்ம செடின்னா வேரைச் சுத்தி சின்னதா வலை இருக்கும். ஆனா தோண்டிடாதீங்க, வேரைத் தொட்டாலே வாடிடும்.”

கடைசி வாக்கியம் என் காதில் ஏறவில்லை.

4

இன்று காலை அக்கா வேலைக்குப் போனதும் பெரிய செடியைத் தோண்டினேன். வேரைச் சுற்றி வெள்ளை வலை. அடுத்ததிலும் வலை. (ஒன்றோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். சந்தேகம் நிற்க விடுமா?) ஏழையும் தோண்டினேன். ஏழிலும் வலை. ஓடைப் பக்கம் நடந்தால் செருப்பில் சேறு ஒட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மதியத்துக்குள் எல்லாம் சுருண்டுவிட்டன. வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

5

முடிவு அ: பூனை கிளறிவிட்டது. (வரிசையாகவா?)

முடிவு ஆ: குழாய் ரிப்பேருக்கு வந்தவர் மிதித்துவிட்டார். (அவர் வந்தது போன மாதம்.)

முடிவு இ: அக்கா உள்ளே வந்ததும் நான் அவளிடம்

எழுத வரவில்லை. ஆறு மணிக்கு வந்துவிடுவாள். இப்போது ஐந்தே முக்கால். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள்தான். இந்தத் தாள்களை அந்தச் சுவரோரமே, காற்றில் பறக்காமல் ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டு வரப்போகிறேன்.

கடைசி வரியை நீயே எழுதிவிடு, அக்கா. வீட்டை விட்டுப் போகிறேன் என்று எழுதினாலும் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த மாட்டேன்.