காப்பி அடிச்சாச்சு

எங்கள் மேல் வழக்குப் போட்ட கம்பெனி இன்றுவரை ஒரு ஆணி கூடச் செய்ததில்லை. பட்டறை கிடையாது, ஒரு ஸ்குரூ டிரைவர் கிடையாது. இருப்பதெல்லாம் எங்கெங்கோ விலைக்கு வாங்கிய காப்புரிமைப் பத்திரங்களும், அவற்றை வைத்து மிரட்டிப் பிழைக்கும் வக்கீல்களும்தான்.

நாங்கள் செய்தது, குழந்தை அழுதால் கையில் அதிரும் ஒரு கைப்பட்டை. தம்பி மனைவிக்குக் காது கேட்காது. அவள் உண்டானதிலிருந்து தம்பி ஒரே நச்சரிப்பு. "குழந்தை அழுதா இவளுக்கு எப்படிக்கா தெரியும்?" சர்க்யூட் என் வேலை, புரோகிராம் அவன் வேலை. வாடகை மாடியறையில் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதாலும் அதிரும், பூனை கத்தினாலும் அதிரும். ஒருநாள் நான் கடையில் நிற்கும்போது அவனிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, காப்பி அடிச்சாச்சு! பூனைக்கு அதிரல, பாப்பாவுக்கு மட்டும் அதிருது!"

எழுதிய புரோகிராமைச் சிப்பில் ஏற்றுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். விளையாட்டாகத் தொடங்கியது, வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பட்டையை விற்க ஆரம்பித்ததுமே வழக்கு வந்தது. அந்தச் செய்தியைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் ரசித்து ரசித்து வாசித்தார்.

"காப்பி அடிச்சாச்சுன்னா என்னம்மா அர்த்தம்?"

"சிப்ல ஏத்தியாச்சுன்னு அர்த்தம்."

"ஓ! நாங்கல்லாம் பரீட்சையிலதான் அடிப்போம். நீங்க சிப்லயும் அடிப்பீங்களோ?"

கூடமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்காளுங்க செஞ்ச பட்டையைக் காட்டுங்க! எதைப் பார்த்து அடிச்சோம்னு நானும் தெரிஞ்சுக்கறேன்" என்று கத்தினேன். நீதிபதி என்னை உட்காரச் சொன்னார். காட்ட என்ன இருக்கிறது அவர்களிடம்? என்றோ எவனோ எழுதிவைத்த ஒரு வரி. 'குழந்தையின் ஒலியையோ அசைவையோ, உடலில் அணிந்த பொருள் வழியாகப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் எந்த முறையும்.' எப்படிச் செய்வது என்பது மட்டும் அதில் இல்லை. அதைக் கண்டுபிடித்த நாங்கள் திருடர்கள்.

வழக்கு முடியும்வரை செய்யக்கூடாது, விற்கக்கூடாது, அணியக்கூடாது, இருப்பதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவானது.

"நாலு வருஷம் இழுக்கும்மா" என்றார் எங்கள் வக்கீல்.

"அதுக்குள்ள குழந்தை பள்ளிக்கூடமே போயிடும் சார்" என்றேன்.

தம்பி மனைவிக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது நீதிமன்ற ஆட்கள் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். பட்டியலில் ஒன்று குறைந்தது. அது அவள் கையில் இருந்தது, பழகிக்கொள்ளப் போட்டிருந்தாள். அவளே கழற்றி மேசைமேல் வைத்தாள்.

இப்போது தம்பி எங்கோ ரசீது அடிக்கும் புரோகிராம் எழுதுகிறான். நாளுக்குப் பத்து யோசனை சொல்லி என் உயிரை வாங்கியவன். நானாக ஏதாவது ஆரம்பித்தால், "விடுக்கா, எவனாவது எழுதி வெச்சிருப்பான்" என்கிறான். பட்டையை எடுத்துப் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவனை இப்படி ஆக்கியதை எப்படிப் பொறுப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை தொட்டிலில். அவள் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் காலில் தளர்வாக ஒரு துணி நாடா. அதன் மறுமுனை அவள் மணிக்கட்டில். குழந்தை வீறிட்டு அழுது உதைத்தது. நாடா இழுபட, அவள் விழித்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, நாடாவைக் காட்டிச் சைகையில் கேட்டாள்.

"இதையும் எடுத்துட்டுப் போவாங்களா அண்ணி?"

குழந்தையின் அசைவு. உடலில் அணிந்த பொருள். அந்த வரியின்படி பார்த்தால் எடுத்துப் போகலாம்தான். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.