நான்கு பேருக்கு உப்புமா

இருபது வருடம் ராணுவத்தில் சமைத்த பிச்சைக்கனி, கேட்டரிங் படிப்பில் நேரே இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்று திருவனந்தபுரத்துக் கல்லூரியில் சொன்னார்கள். அதற்கு நான்கு பேருக்கு உப்புமா கிண்டிக் காட்டவேண்டும்.

பழக்கதோஷத்தில் அவர் கை ரவையைச் சாக்கோடு அண்டாவில் கவிழ்த்துவிட்டது. கல்லூரியே வரிசையில் நின்று தின்றது.

தேர்வு வைத்த லலிதாம்பாள் டீச்சரும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். "ருசி கேமமா இருக்கு, சாரே. ஆனா நாலு பேருக்குன்னுதானே சொன்னேன்? முதல் வருஷத்துலே அதைத்தான் படிப்பிக்கறோம். இருந்து படிங்கோ."

வீட்டுக்கு வந்து மனைவி பேச்சியிடம் தலைகுனிந்தபடியே சொன்னார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் பேச்சி. "ரெண்டு பேருக்குச் சோறு பொங்க என்னைக்குச் சொல்லித் தருவாவ? அன்னைக்கு மட்டும் லீவு போட்டுராதீய."